வாசகர் கேள்வி பதில்: பணம் இருக்கிறது, கையில் இல்லை

குமரி மாவட்டத்தின் மேற்கு ஊர்களிலிருந்தும் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்தும் வந்த கடிதங்களில் இம்முறை ஒரே கவலைதான் வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தது. உலகம் முழுவதும் பெரிய மந்தம் வரப்போகிறது என்கிறார்களே, நம் கடையும் வைப்புத்தொகையும் நகையும் என்ன ஆகும் என்பதே அந்தக் கவலை. ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

ஐயா, ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் மந்தம் என்று செய்தி வந்த சில வாரங்களுக்குள் இங்கே விலை விழுந்துவிடுகிறது. என் ஷீட்டை அமெரிக்காக்காரர் யாரும் வாங்குவதில்லையே, பிறகு ஏன் இப்படி?
— ஒரு வியாபாரி, குலசேகரம்

உங்கள் ஷீட் அமெரிக்காவுக்குப் போகாது. ஆனால் அதன் விலை அங்கே போய்த்தான் திரும்பி வருகிறது. 2008-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை போயிருந்தது. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானதும், எந்த வங்கியின் கணக்கில் எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று தெரியாததால் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே அஞ்சின. அமெரிக்காவில் பெரும்பாலோர் கார் வாங்குவது கடனில்தான். கடன் நின்றதும் கார் விற்பனை படுத்தது. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு டயருக்குப் போகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே வேளையில் கச்சா எண்ணெய் டிசம்பருக்குள் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. செயற்கை ரப்பர் அந்த எண்ணெயிலிருந்து வருவதால் அதுவும் மலிந்து, இயற்கை ரப்பரையும் தன்னோடு கீழே இழுத்தது. தோக்கியோ, சிங்கப்பூர்ச் சந்தைகளில் விழுந்த விலை கேரளத்து ரப்பர்ச் சந்தையான கோட்டயத்துக்கு வந்து, அங்கிருந்து உங்கள் கடைப் பலகைக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருப்புச் சரக்கு. கார் விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்க் கம்பெனி தன் கிடங்கில் இருக்கும் டயரை முதலில் தீர்க்கும். டயர்க் கம்பெனி தன் கிடங்கில் இருக்கும் ரப்பரை முதலில் தீர்க்கும். நடுவில் இருக்கும் மொத்த வியாபாரியும் அதையே செய்வார். ஆகவே கடைசிப் படியில் நிற்கும் உங்களிடம் வந்து சேரும்போது அந்தப் பத்தில் ஒரு பங்கு, சில வாரங்களுக்குக் கொள்முதலே இல்லை என்ற நிலையாகிவிடுகிறது. விலை ஏறும்போதும் இதே படிகள் தலைகீழாக வேலை செய்யும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிடங்கை நிரப்பப் பார்ப்பார்கள். 2008-இன் இறுதியில் ஏறத்தாழப் பாதியாகிவிட்ட விலை, 2011-ல் கிலோ 230 ரூபாயைத் தாண்டியது இப்படித்தான்.

ஆனால் ஒவ்வொரு சரிவும் மந்தத்தால் வருவதில்லை. 2016-இன் தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்கும் கீழே போனதற்கு, விலை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் தென்கிழக்கு ஆசியாவில் நட்ட கன்றுகள் ஆறேழு ஆண்டுகளில் பால்வெட்டுக்கு வந்து சரக்கு பெருகியதும் முக்கியமான காரணம். மந்தத்தால் விழுந்த விலை ஒன்றிரண்டு ஆண்டுகளில் எழக்கூடும். மரம் பெருகியதால் விழுந்த விலை அவ்வளவு விரைவில் எழாது. விலை ஏறும் என்று ஷீட்டை அடுக்கி வைப்பதற்குமுன் இந்த வேறுபாட்டைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, அடுக்கி வைப்பது சொந்தப் பணமா, வங்கிப் பணமா என்று பாருங்கள். சொந்தப் பணம் காத்திருக்கும். வங்கிப் பணத்துக்கு மாதம்தோறும் வட்டி ஏறும்.

மந்தம் என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்ட இன்னொரு வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் நாட்டின் உற்பத்தி சுருங்கினால் அது மந்தம் என்பது பொதுவான வழக்கு. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. அடுத்த காலாண்டிலும் சுருக்கம் தொடர்ந்தது. 1929-ல் தொடங்கியதைப் பெருமந்தம் என்கிறோம். அதன் அடிமட்டமான 1933-ல் அமெரிக்காவில் நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டிருந்தன.

ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். திருவிதாங்கூர் காலத்தில் என் தாத்தாவின் பணம் குயிலோன் வங்கியில் மாட்டிக்கொண்டதை வீட்டில் இன்றும் சொல்வார்கள். பணிக்கொடையை வங்கியில் போட்டுவிட்டு அந்தக் கதையை நினைத்தால் உறக்கம் வருவதில்லை. அப்படி மீண்டும் நடக்குமா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

நடக்கவே நடக்காது என்று சொல்பவரை நம்பாதீர்கள். நடந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தாத்தா காலத்திலிருந்து வெகுவாக மாறியிருக்கிறது.

வங்கி என்பது, கேட்டவுடன் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தை, பத்து ஆண்டுகளில் திரும்பி வரும் கடனாகக் கொடுத்து வைத்திருக்கும் ஒரு கடை. நல்ல வங்கியிடமும் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணம் இருக்காது. அதன் சொத்து இருக்கிறது, ஆனால் கையில் இல்லை. ஊரில் யாருடைய பெயரிலோ, ஏதோ ஒரு விளையின் (தோட்ட நிலத்தின்) பத்திரத்தின் மேல் இருக்கிறது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலோன் வங்கியும் 1937-ல் ஒன்றாக இணைந்தன. பெருமந்தத்தில் தேங்காய், மிளகு, ரப்பர் விலைகள் நொறுங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வங்கியின் தலைவர்களுக்கும் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யருக்கும் இருந்த அரசியல் பகை ஊரறிந்தது. பணம் எடுக்க மக்கள் திரண்டார்கள். 1938 ஜூனில் வங்கி பட்டுவாடாவை நிறுத்தியது. ரிசர்வ் வங்கி தொடங்கி அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தாத்தாவின் பணத்துக்குக் காப்பீடு என்று எதுவும் இல்லை. அந்த வங்கி உள்ளுக்குள்ளேயே அழுகியிருந்ததா, பகையால் விழுத்தப்பட்டதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. என் கணிப்பு, இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய நடுவரான ரிசர்வ் வங்கி தயங்கி நின்றதுதான் பெரிய பிழை என்பது. நல்ல ஈட்டின் பேரில் உரிய நேரத்தில் கடன் கொடுக்க ஒருவர் முன்வந்தால்தான், பணமுடையில் தவிக்கும் வங்கி எது, சொத்தே கரைந்துபோன வங்கி எது என்று தெரியவரும்.

இடையில் ஒரு செய்தி: அந்த வங்கியை நடத்தியவர்களில் ஒருவரான கே.சி. மாம்மன் மாப்பிள்ளையின் மகன்தான் 1946-ல் சென்னையில் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கியவர். பிற்காலத்தில் அது எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. குலசேகரத்து வாசகருக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

அடுத்த பாடம் 1960 ஆகஸ்ட் 8 அன்று வந்தது. பாலாயில் 1927-ல் தொடங்கப்பட்ட பாலாய் சென்ட்ரல் வங்கியை மூடும்படி ரிசர்வ் வங்கியே கேரள உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1961-ல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1500 ரூபாய் வரை காப்பீடு கிடைத்தது. 1993-ல் அது ஒரு லட்சமாயிற்று. 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாக உயர்ந்தது. வங்கி முடக்கப்பட்டால் இந்தத் தொகையை 90 நாட்களுக்குள் இடைக்காலமாகவே வழங்க வேண்டும் என்பது 2021-ல் வந்த திருத்தம்.

அண்மைய எடுத்துக்காட்டு 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. நவம்பர் 27 அன்று அது டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்புதாரர் எவருக்கும் ஒரு ரூபாய்கூட இழப்பில்லை. ஆனால் பங்குதாரர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை; வங்கி விற்றிருந்த 318 கோடி ரூபாய்ப் பத்திரங்களும் செல்லாதவை ஆக்கப்பட்டன. 'நம் வங்கிதானே' என்று வைப்புத்தொகையையும் அதே வங்கியின் பங்கையும் ஒன்றாக நினைக்கும் பழக்கம் நம் பகுதியில் நிறைய உண்டு. இரண்டும் ஒன்றல்ல, இழப்பு வந்தால் பங்கு வைத்திருப்பவர்தான் முதலில் அதைத் தாங்க வேண்டும்.

இனி உங்கள் பணிக்கொடை. ஐந்து லட்சம் என்பது வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து. மார்த்தாண்டத்தில் ஒன்று, தக்கலையில் ஒன்று என்று ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போடுவதால் காப்பீடு இரட்டிப்பாகாது. வெவ்வேறு வங்கிகளாக இருக்க வேண்டும். மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு, உங்கள் தனிக் கணக்கிலிருந்து வேறாகக் கணக்கிடப்படும். கூட்டுறவு வங்கிகளும் இந்தக் காப்பீட்டுக்குள் வரும். ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அதற்குள் வராது. நிதி நிறுவனங்கள் வாங்கும் வைப்பும் வராது. அரை விழுக்காடு வட்டி கூடுதல் என்று அங்கே கொண்டுபோய் முழுத்தொகையையும் போட்டவர்களை எனக்குத் தெரியும். அஞ்சலகச் சேமிப்புக்கு இந்த உச்சவரம்பே இல்லை, ஏனென்றால் அதன் பின்னால் மத்திய அரசே நிற்கிறது. ஒரு பகுதியை அங்கே மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.

ஐயா, தக்கலையில் கட்டுமானப் பொருள் கடை. ஒப்பந்தக்காரர்களிடம் பாக்கி நிற்கிறது. வங்கியில் காஷ் கிரெடிட் (சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி, ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கும் கடன்) இருக்கிறது. மந்தம் வந்தால் வங்கி வரம்பைக் குறைக்குமா? இப்போதே முழுவதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வணிகர், தக்கலை

குறைக்கக்கூடும். அதற்கு மேலாளரின் மனம் மாற வேண்டியதில்லை; உங்கள் மாதாந்திர இருப்பு அறிக்கையே போதும். நீங்கள் எடுக்கக்கூடிய தொகையை, சரக்கு மதிப்போடு வரவேண்டிய பாக்கியைக் கூட்டி, நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கழித்து, அதிலும் ஒரு பங்கை விலக்கிவிட்டுத்தான் வங்கி கணக்கிடுகிறது. 90 நாட்களுக்கு மேல் வராத பாக்கியைப் பல வங்கிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆகவே ஒப்பந்தக்காரர் இழுத்தடிக்க இழுத்தடிக்க, வரம்பு தாளில் அப்படியே இருந்தாலும் எடுக்கக்கூடிய தொகை தானாகவே சுருங்கும். உங்களுக்குப் பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் அது மிகவும் சுருங்கியிருக்கும்.

முழுவதையும் எடுத்து வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன். வட்டி ஒருபுறம் இருக்கட்டும். எடுக்காமல் விட்ட வரம்பு என்பது நெருக்கடியில் கைகொடுக்கும் அவகாசம். கிளை மேலாளராக இருந்த காலத்தில் நான் பார்த்தவரை, மந்தத்தில் மூடிய கடைகளில் பல நட்டத்தில் ஓடிய கடைகள் அல்ல. கணக்குப் புத்தகத்தில் இலாபம் காட்டியவை அவை. வரவேண்டியது ஆறு மாதத்திலும் கொடுக்க வேண்டியது ஒரு மாதத்திலும் என்றிருந்ததால் கதவடைத்தன. எனவே விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்று, பாக்கி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு அடுத்த லோடைக் கொடுப்பதற்குமுன் முந்தையதில் ஒரு பகுதியையாவது வாங்கிவிடுங்கள். 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற சிறுதொழில் சட்டத்தை நீங்கள் நம்பியிருக்கலாம். அந்தப் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான், வாங்கி விற்கும் வணிகருக்கு இல்லை.

கணக்கில் 90 நாட்கள் வரவு இல்லாவிட்டாலும், வந்த வரவு வட்டிக்குப் போதாவிட்டாலும் அது வாராக்கடன் வகைக்குள் போய்விடும். அதன்பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி (SARFAESI) சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. அந்த 90 நாட்களுக்கு முன்னால், தவணையை மாற்றியமைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். முன்னால் கேட்பவரை வங்கி வாடிக்கையாளராகப் பார்க்கும், பின்னால் கேட்பவரைக் கோப்பாகப் பார்க்கும். இன்னொரு காரணமும் உண்டு. 2020 மே மாதம் மத்திய அரசு மூன்று லட்சம் கோடி ரூபாய்க்கு உத்தரவாதக் கடன் திட்டத்தை அறிவித்தபோது, அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று 60 நாட்களுக்கு மேல் நிலுவை வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. உதவி வருகிறபோது கணக்கு ஒழுங்காக இருப்பவருக்குத்தான் கதவு திறக்கிறது.

ஐயா, என் கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். அங்கே வேலை போய்விட்டால் நகையை விற்பதா, அடகு வைப்பதா? மந்தத்தில் தங்கம் எப்போதும் ஏறும் என்கிறார்களே?
— ஒரு வாசகி, கருங்கல்

எப்போதும் ஏறும் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சகோதரி. 2008 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் 1000 டாலரைத் தாண்டிய தங்கம், எல்லோரும் கைப்பணத்துக்கு அலைந்த அக்டோபரில் 750 டாலருக்கும் கீழே இறங்கியது. 2011-ல் 1900 டாலர் வரை ஏறியது. மந்தம் முழுவதையும் பார்த்தால் ஏறியதுதான். ஆனால் அந்த அக்டோபரில் விற்றே ஆக வேண்டும் என்றிருந்தவருக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன்?

நம் முன்னோரும் இதைப் பட்டிருக்கிறார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையை, அதாவது நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைக்கும் முறையைக் கைவிட்டதும், பவுண்டோடு கட்டப்பட்டிருந்த ரூபாய்க் கணக்கில் தங்க விலை ஏறியது. அதே நேரத்தில் விளைபொருள் விலையோ ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. நிலவரியும் பழைய கடனும் மட்டும் குறையவில்லை. வேறு வழியின்றிக் குடியானவர் வீட்டு நகைகள் ஊர் வட்டிக்கடைகளின் வழியாகப் பம்பாய்த் துறைமுகத்துக்குப் போய், கப்பல் கப்பலாக நாட்டைவிட்டு வெளியேறின. நல்ல விலை என்று விற்கவில்லை அவர்கள், தவணைக்காக விற்றார்கள்.

சில மாதங்களில் வேறு வருமானம் வரும் என்ற உறுதி இருந்தால் அடகு வையுங்கள். அந்த உறுதி இல்லாவிட்டால், வட்டியில் கரைய விடாமல் தேவையான அளவு மட்டும் விற்றுவிடுங்கள். மனத்துக்குக் கடினமானது என்றாலும் கணக்குக்கு அதுவே சரி. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் வகையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடும், ஐந்து லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்குமேல் 75 விழுக்காடும் உச்சவரம்பு. கிடைக்கிறது என்பதற்காக உச்சம் வரை வாங்காதீர்கள். விலை சற்றே இறங்கி வட்டியும் ஏறினால், ஏல நோட்டீஸ் முதலில் வருவது உச்சம் வரை வாங்கியவர்களுக்குத்தான். கணவர் வேலையில் இருக்கும் இந்த மாதங்களிலேயே ஆறு மாதச் செலவை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியே வைத்துவிட்டால், இந்தக் கேள்விக்கே அவசரம் இருக்காது.

மாதம் 3000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறேன். சந்தை சரிந்தால் நிறுத்திவிடலாமா?
— ஓர் இளைஞர், அருமனை

2008 ஜனவரியில் 21,000 புள்ளியைத் தாண்டிய மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே இருந்தது. மீண்டும் 21,000-ஐத் தொட 2010 நவம்பர் வரை ஆயிற்று. 2020-ல் ஜனவரியில் 42,000, மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே, நவம்பரில் மறுபடி 43,000. உச்சத்திலிருந்து சரிந்து மீளப் பத்து மாதமும் ஆகலாம், மூன்று ஆண்டும் ஆகலாம். 1929-ல் சரிந்த அமெரிக்கச் சந்தை பழைய உச்சத்தை எட்ட 1954 ஆயிற்று. அந்த 3000 ரூபாய் இல்லாமல் மூன்று நான்கு ஆண்டுகள் உங்களால் வாழ முடியுமானால் தொடருங்கள். அடுத்த ஆண்டு தங்கை திருமணத்துக்கு என்றால் இன்றே நிறுத்துங்கள், சரிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடன் பத்திர ஃபண்டு என்றால் பாதுகாப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. அவற்றில் பத்திரங்கள் இருந்தன, வாங்க ஆள் இல்லை. பின்னர் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்றாலும், அந்தப் பொதுமுடக்கக் கோடையில் மருத்துவச் செலவுக்கு அதை நம்பியிருந்தவருக்கு அது இல்லாத பணம்தான்.

எங்கள் ஊரில் சிட்டியில் சேர்வது வழக்கம். மந்தக் காலத்தில் சேரலாமா?
— ஒரு வாசகர், பாறசாலை

நீங்கள் சிட்டி என்பதை எல்லைக்கு இந்தப் பக்கத்தில் சீட்டு என்கிறோம். முதலில் ஏலம் எடுத்தவர்கள் பிறகு ஒழுங்காகக் கட்டினால்தான் கடைசியில் எடுப்பவருக்குப் பணம் கிடைக்கும். மந்தத்தில் நின்றுபோவது அந்த முன்னவர்களின் தவணைதான். ஆகவே நடத்துபவரின் பலமே உங்கள் பாதுகாப்பு. கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.ஈ. 1969 முதல் நடத்தும் சிட்டிகளும், 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, நடத்துபவர் ஈட்டுத்தொகை கட்டிய மற்றச் சீட்டுகளும் ஒரு வகை. நண்பர் வட்டாரத்தில் நோட்டுப் புத்தகத்தில் நடப்பவை வேறு வகை. சேருமுன் பதிவு எண்ணையும், ஏலத்தொகை தருவதற்கு எடுத்தவரிடம் என்ன ஈடு வாங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். எடுத்தவரிடம் ஈடு கேட்காத சிட்டி, எடுக்கும்போது உங்களுக்கு இனிக்கும்; எடுக்காமல் காத்திருக்கும்போது உங்கள் பணம் முழுவதும் அவருடைய சொல்லின் மேல் நிற்கும்.